விரிப்பின் மறுமுனை

அந்த வீடியோவில் நான் நன்றாகவே நடக்கிறேன். நாற்காலியை விட்டு எழுகிறேன், விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி பின்னால் போகிறேன், பிறகு அக்காவை நோக்கி முன்னால் வருகிறேன். மாதக்கணக்கில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த என் வலது கால், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி இடது காலோடு சேர்ந்து வருகிறது. பார்க்கிறவர்கள் 'அடிப்பாவி, எப்படி ஏமாற்றியிருக்கிறாள்' என்றுதான் சொல்வார்கள். வேறு எவளாவது அதில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆனால் அதில் இருப்பது நான். நான் நடிக்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நானும் என் கூடப்பிறந்த அக்காவும் ஒரே சலவை ஆலையில் வேலை செய்தோம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்து சூடான ரோலர் மிஷினுக்குள் விட்டால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அதை இரண்டு பேர் சேர்ந்து மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. பின்னால் போய் விறைப்பாக இழுத்து, ஒரு உதறு உதறி, முன்னால் வந்து, உன் முனைகளை எதிரில் இருப்பவள் கையில் கொடுத்து, குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். ஜோடி சரியில்லை என்றால் விரிப்பு கோணிக்கொள்ளும், கைகள் முட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அக்காதான் ஜோடி.

மடிக்கும்போது எங்கள் இருவருக்கும் வாய் ஓயாது. கணவன்மாரின் குறட்டையிலிருந்து மேற்பார்வையாளரின் தொப்பை வரை எல்லோரையும் அந்த விரிப்புக்கு இரண்டு பக்கமும் நின்று அலசிக் காயப்போடுவோம். கையும் காலும் தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொள்ளும். மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். ரோலர் இரைச்சலில் குரல் எடுபடாது என்று கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு திரிவார். வீட்டில் பெண்டாட்டியையும் ஊதித்தான் கூப்பிடுவார் என்று அக்கா சொல்வாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

ஆலையில் துவைக்கும் பகுதி சற்று மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து ரோலர் பக்கம் தரை சரிவாக இறங்கும். ஈர விரிப்பு ஏற்றிய டிராலியைத் தள்ளுவதே பெரும்பாடு. அதைச் சரிவின் மேல்முனையில் நிறுத்தினால் சக்கரத்தில் இருக்கும் பிரேக்கைக் காலால் மிதித்துப் பூட்டிவிட வேண்டும். மறந்தவருக்கு மறுநாள் வேலை இல்லை. விசில் சிரிக்காமல் சொல்லும் ஒரே விஷயம் அதுதான்.

அன்று டிராலியைத் தள்ளி வந்தவள் அக்கா. சரிவின் மேல்முனையில் விசில் அவளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் முகமெல்லாம் பல்லாக அவர் பக்கம் திரும்பினாள். பிரேக்கை மிதிக்கவில்லை. நான் கீழே இருந்து பார்த்தேன். 'அக்கா' என்று கத்துவதற்குள் டிராலி இறங்கி வந்து என் கணுக்காலை ரோலரின் இரும்புக் காலோடு சேர்த்து நெரித்துவிட்டது.

முதலில் ஓடி வந்தது அக்காதான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. பின்னாலேயே விசில் வந்தார்.

"பிரேக்கு போட்டிருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார்.

"போட்டிருந்துச்சு சார். அவசரத்துல நானே பிரேக்கை எடுத்துட்டு இழுத்தேன். கை நழுவிடுச்சு" என்றேன்.

வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தப் பொய் மட்டும் தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. அவள் என் அக்கா. வேறு என்ன சொல்வேன்? அக்கா என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எலும்பு முறியவில்லை. வீக்கத்துக்குக் கட்டுப் போட்டுக் காலை அசைக்காதே என்றார்கள். வீக்கம் வடிந்தது, கட்டைப் பிரித்தார்கள். எழுந்து நிற்கப் பார்த்தேன். கால் வரவில்லை.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வலி காரணமில்லை, வலிதான் போய்விட்டதே. கால் அங்கேதான் இருந்தது, கண்ணால் பார்த்தேன். 'எழுந்திரு' என்றேன். அந்தச் சொல் இடுப்போடு நின்றுவிட்டது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன காலை நான் தூக்கிச் சுமக்கிற மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்து நடந்தால் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, தரையைத் தேய்த்தபடி பின்னால் வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார். இந்த 'ஒண்ணும் இல்ல' இருக்கிறதே, என் குடியைக் கெடுத்தது அதுதான். ஒன்றும் இல்லாதவள் ஏன் நடக்கவில்லை? பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் அன்று தன் வேனிலேயே என்னைக் கூட்டி வந்தார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "டாக்டரே ஒண்ணும் இல்லேங்கிறாரு" என்று ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து நான் சுவரைப் பிடித்து நடக்கும்போதெல்லாம் அவர் கண் என் முகத்தில் இல்லை, காலில் இருந்தது.

அக்கா மட்டும் மாறவில்லை. அப்படித்தான் நினைத்தேன். தினமும் வேலை முடிந்து வருவாள். பாத்திரம் கழுவுவாள், என் தலையை வாரிவிடுவாள், ஆலைக் கதைகளைச் சொல்வாள். டிராலியைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்க மாட்டாள். நானும் எடுக்கவில்லை. மடிப்புப் பகுதிக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடப்போகிறார்கள் என்ற செய்திகூட மற்ற பெண்கள் சொல்லித்தான் எனக்கு வந்தது. அன்று சரிவின் மேல்முனையில் விசில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னது அதைத்தான். என்னிடம் ஏன் மறைத்தாள் என்று சுருக்கென்றது. பாவம், நான் இப்படிக் கிடக்கும்போது எப்படிச் சொல்வாள் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெண்கள் இன்னொன்றும் சொன்னார்கள். ஆலையில் பட்ட அடியால் ஒருத்தியின் கால் போய்விட்டது என்று ஆகிவிட்டால், தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விசாரிப்பார்களாம். டிராலியை நிறுத்தியது யார், பிரேக்கை மிதித்ததைப் பார்த்தது யார் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார்களாம். என் வாயிலிருந்து அந்த உண்மை வராது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், காய்ந்த விரிப்புகளை ஒரு குவியலாக அள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். "எங்க வீட்டுல நிக்கக்கூட இடமில்ல, இங்கயே மடிச்சுக்கிறேன்" என்றாள். வீட்டுக்காரர் அலமாரிப் பக்கம் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் இருந்தேன். அக்கா விசில் கதை ஒன்றை ஆரம்பித்தாள். அவர் தூங்கும்போது பேரன் விசிலை எடுத்து ஊதிவிட, அவர் எழுந்து உட்கார்ந்து 'ஷிஃப்ட் முடிஞ்சுது, கிளம்பு' என்றாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்புக்கு நடுவில், "பிடிடி சின்னக்குட்டி" என்று இரண்டு முனைகளை நீட்டினாள். பிடித்தேன்.

எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். சிரிப்பும், விரிப்பின் ஓரத்தில் போட்டிருந்த ஒட்டும். எல்லாம் மடித்து முடித்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் எழுந்தேனா, நடந்தேனா என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று எழப் பார்த்தேன். கால் வரவில்லை. அக்காதான் எடுத்து வந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

அந்த வாரத்திலேயே விசில் ஆலைக்கு வரச் சொன்னார். வீட்டுக்காரர் வேனில் கூட்டிப் போனார். விசில் தன் அறையில் மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்து, "பாரும்மா" என்றார்.

பார்த்தேன். என் வீட்டுக் கூடம், என் நாற்காலி, நான். எழுந்து பின்னால் போய் முன்னால் வந்தேன். யாருடைய காலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அறை தூரமாகப் போய்விட்டது. விசிலின் வாய் அசைந்தது, சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. என் கைகள்கூட என் கைகளாக இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. வீட்டுக்காரர் தோளைப் பிடித்து உலுக்கியதும்தான் திரும்பி வந்தேன்.

"மயக்கம் வர்ற மாதிரிக்கூட நல்லா வருதும்மா உனக்கு" என்றார் விசில்.

"சத்தியமா நான் நடிக்கல சார்."

"நான் எதையும் சொல்லல. ஆஸ்பத்திரியில பெரிய நரம்பு டாக்டரைப் பார்க்கப் போறியாமே, இதையும் அவங்ககிட்ட காட்டு. நோய்னு அவங்க சொன்னா, காலு சரியாகிற வரைக்கும் உன் வேலை உனக்கு. நடிப்புன்னு சொன்னா, இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத."

"இதை யாரு எடுத்தா?"

விசில் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "நான்தான் போனை அலமாரியில வச்சேன்" என்றார். "நான் யாரைத்தான் நம்பறது? டாக்டரே ஒண்ணும் இல்லேங்கிறாரு."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அவரைத் திட்ட வாயெடுத்தபோது ஒன்று உறைத்தது. போனை எடுத்து, முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். அக்கா கதை சொல்கிறாள். குனிந்து விரிப்பை எடுக்கிறாள். என்னிடம் முனையை நீட்டுவதற்கு முன் ஒரு கணம் நிமிர்ந்து நேராக என்னைப் பார்க்கிறாள். என்னை என்றால், வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிற என்னை. போன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் பார்க்கிற பார்வை.

என் வீட்டுக்காரருக்கு விரிப்பு மடிக்கத் தெரியாது. முனையைக் கையில் கொடுத்தால் நான் என்னை மறந்து எழுவேன் என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். எந்தக் கதை சொன்னால் நான் விழுந்து சிரிப்பேன் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். எனக்குப் பொறி வைக்க என் சிரிப்பையே எடுத்திருக்கிறாள்.

வெளியே வந்தபோது மடிப்பு மேஜைப் பக்கம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு குவியலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க நான் வாசல் வரை நடந்தேன். யாரோ கைதட்டினார்கள். அந்த வீடியோ அதற்குள் எல்லோர் போனிலும் இருந்தது.

ஒருத்திக்காகப் பொய் சொல்லிக் காலையும் கொடுத்தேன், அவள் என்னை நாலு பேர் சிரிக்க வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க இதையே நினைத்து நினைத்து மாய்ந்துபோனேன். ஆனால் அதைவிடக் கேவலமான ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. கால் நடந்தது உண்மைதானே? அப்படியென்றால் நான் எனக்கே தெரியாமல் நடிக்கிறேனா? அக்கா மட்டுமா, என் காலும் அல்லவா என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

நரம்பு டாக்டர் ஒரு பெண். நான் உள்ளே வந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஸ்கேன் படங்களை நீட்டுவதற்கு முன்னால் போனை நீட்டினார். டாக்டர் வீடியோவை முழுக்கப் பார்த்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். என் வலது குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, "இந்தக் காலால என் கையைக் கீழே அழுத்துங்க" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, அதை விடுங்க. இப்ப இடது காலை மேலே தூக்குங்க. நான் பிடிச்சு அமுக்குவேன், விடாதீங்க."

இடது காலைத் தூக்கினேன். அவர் அமுக்கினார். நான் முழு பலத்தோடு தூக்கினேன். அப்போது அவர் சிரித்தார். "உங்க வலது காலு இப்ப என் கையை எப்படி அழுத்துது தெரியுமா?"

எனக்குத் தலையிலிருந்து கால்வரை கொதித்துவிட்டது. "நீங்களும் பொறி வைக்கிறீங்களா?" என்றேன். "வீட்டுல ஒருத்தி வச்சா. இங்க நீங்க. சரி, நடிக்கிறான்னே எழுதிக் கொடுத்துடுங்க. போறேன்."

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்றதுக்காகச் செய்யல. உங்களுக்குக் காட்டறதுக்காகச் செஞ்சேன். இந்தக் காலோட தசை, நரம்பு எல்லாம் நல்லாயிருக்கு. நீங்க அதையே நினைச்சு 'அழுத்து'ன்னு சொன்னா வரமாட்டேங்குது. நினைப்பு வேற பக்கம் போனா தானா வருது. இது ஒரு நோய். இதுக்குப் பேரு இருக்கு. செயல்பாட்டு நரம்புக் கோளாறுன்னு சொல்வோம். நரம்பு டாக்டர்ங்க அடிக்கடி பார்க்கிற நோய்தான்."

"ஒண்ணும் இல்லேன்னாங்களே?"

"படத்துல ஒண்ணும் இல்ல. உங்களுக்கு இருக்கு."

எத்தனை மாதமாக அந்த ஒரு வாக்கியத்துக்குக் காத்திருந்தேனோ தெரியாது. உடைந்து அழுதுவிட்டேன். அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

எங்கள் ரோலரின் வாய்ப்பக்கம் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் மிஷின் நின்றுவிடும். எப்போதாவது ஸ்பிரிங் கெட்டுப்போய், விரலே படாதபோதும் கம்பி மிஷினை நிறுத்திவிடும். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. "அந்த மாதிரியா?" என்று கேட்டேன். கிட்டத்தட்ட அதேதான் என்றார். போனைப் பார்த்து அறை தூரமாகப் போனதைச் சொன்னேன். அதுவும் இதற்கு உறவுதான், தாங்க முடியாதபோது நினைப்பு உடம்பை விட்டுச் சற்று விலகிக்கொள்வது என்றார்.

"எதனால வந்துச்சு?" என்று கேட்டது வீட்டுக்காரர்.

"இதுதான்னு ஒண்ணைக் கைகாட்ட மாட்டேன். அடிபட்டது, வலி, கட்டுப்போட்டு அசையாம வச்சிருந்தது, பயம், மனசுல எதையாவது அமுக்கி வச்சிருந்தா அது. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி. சிலருக்கு மனசுல பெருசா எதுவுமே இருக்காது. காரணம் முழுசும் தெரிஞ்சாத்தான் நடக்க முடியும்னு இல்ல."

"நடிக்கலேன்னு எப்படிச் சொல்றீங்க?" அவர் மெதுவாகத்தான் கேட்டார். கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அதைச் சொல்ல ஒரு தனி சோதனை இல்ல" என்றார் டாக்டர். பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்து என் வலது செருப்பை எடுத்துத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் பக்கம் அடி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. இடது செருப்பு புதுசு மாதிரி இருந்தது. "ஆளுங்க பார்க்கிறப்ப மட்டும் இழுத்து நடந்தா இப்படித் தேயாது. வீட்டுல யாரும் இல்லாதப்பவும் இவங்க இப்படித்தான் நடக்கிறாங்க."

வீட்டுக்குள்ளும் போட்டு நடந்த அந்தச் செருப்பை ராத்திரி எங்கள் வாசலில்தான் கழற்றிப் போடுவேன். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போனார். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, ஓட்டையில் விரலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். நான் அவரை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான்.

இதற்கென்று மாத்திரை இல்லை என்றார் டாக்டர். நோயைப் புரிந்துகொள்வது பாதி வைத்தியம். மீதி, நினைப்பை வேறு பக்கம் வைத்துக் காலை நடக்கப் பழக்குவது. கூடவே மனநல ஆலோசகரோடு பேச்சு. பிறகு, "அடிபட்ட அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். பிரேக்கை நானே எடுத்தேன், கை நழுவியது என்றேன். அவ்வளவுக்குப் பிறகும் அதே பொய்தான் வந்தது. கடைசியில் அவர் வீடியோவை மறுபடி தொட்டு, "இந்த விரிப்பு மடிக்கிறதைக் கண்டுபிடிச்சவங்க யாரு? இதைவிட நல்ல பயிற்சி என்கிட்ட இல்ல" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னை மாட்டிவிட்ட கயிறே எனக்கு மருந்தாம்.

ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் முதலில் பயிற்சி தரும் பெண்மணியே விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். தங்கமான மனுஷி, ஆனால் மடிக்கத் தெரியவில்லை. முனையை எப்போது தருவார் என்று நான் யோசிக்க, யோசித்ததும் கால் இழுத்தது. வீட்டுக்காரரும் பிடித்துப் பார்த்தார். அவர் விரிப்பை மீன் வலை மாதிரி சுருட்டினார். அவர்கள் இருவரும் சொல்லாததை நானே சொன்னேன். "அக்காவைக் கூப்பிடுங்க."

வந்தாள். பொறுப்பாளர் ஆகிவிட்டிருந்தாள், சட்டைப் பையில் புது அடையாள அட்டை தொங்கியது. என்னைப் பார்க்காமல் விரிப்பை எடுத்து இரண்டு முனைகளை நீட்டினாள். நான் பிடித்தேன். பேச்சில்லை, விசில் கதை இல்லை, சிரிப்பு இல்லை. ஆனால் அவள் பின்னால் போனதும் நான் பின்னால் போனேன். அவள் உதறினாள், நான் உதறினேன். அவள் முன்னால் வர, நானும் வந்தேன். பயிற்சிப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் அவளை நம்பவில்லை. என் கால் நம்பியது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

அப்படியே நாட்கள் போயின. கால் விரிப்போடு நடந்தது. விரிப்பை வைத்துவிட்டால் இழுத்தது. ஆனால் முன்பு போல் இல்லை, சொல் இடுப்பைத் தாண்டி முழங்கால்வரை போக ஆரம்பித்திருந்தது. அக்கா வருவாள், மடிப்பாள், போவாள். ஒருநாள் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்றுதான் தோன்றியது. என்ன இருந்தாலும் அவள்தான் என் ஜோடி.

நோய்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆலையில் அடிபட்டதில் ஆரம்பித்தது என்றும் எழுதியிருந்தார். வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய் விசிலிடம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் அக்கா பயிற்சிக்கு வந்தபோது பெரிய விரிப்பாக ஒன்றை எடுத்தாள். பின்னால் போனோம். இழுத்தோம். உதறினோம். முன்னால் வந்தோம். அவள் கைகள் என் கைகளைத் தொட்டன, முகத்துக்கு முகம் பக்கத்தில் இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் வாயைத் திறந்தாள்.

"சின்னக்குட்டி, தலைமை அலுவலகத்துல இருந்து கேட்க வர்றாங்களாம். பிரேக்கை நீதான் எடுத்தேன்னு சொல்லியிருக்கல்ல? அதை மாத்திடாத."

அன்றைக்கு அவள் கண் கலங்கியது இதற்குத்தான்.

"நான் நடிக்கலேன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

நான் விரிப்பை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். கால் வந்தது.

"சொல்லு."

"நீ தூங்கறப்பகூட அந்தக் காலைக் கையால தூக்கித்தான் புரளுவ. பார்த்திருக்கேன்" என்றாள். "நோய்னு ஆயிட்டா விசாரிப்பாங்க. அதான்டி. நடிப்புன்னா அதோட போயிடும்னு நினைச்சேன்."

ஆக, அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. உலகமே என்னை நம்பாதபோது என்னை முழுக்க நம்பிய ஒரே ஆள் அவள்தான். நம்பிக்கொண்டேதான் அந்த முனையை என்னிடம் நீட்டியிருக்கிறாள்.

"அவங்க வரவேண்டாம்" என்றேன். "நாளைக்கு நானே ஆலைக்கு வர்றேன். பிரேக்கை யாரு மிதிக்கலேன்னு விசில்கிட்ட நானே சொல்றேன்."

அக்கா தன் முனைகளை விட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் கையிலிருந்து விரிப்பு நழுவி நான் பார்த்ததில்லை. அது தொய்ந்து தரையில் விழுந்தது. அவள் அடையாள அட்டையைக் கையால் பொத்திப் பிடித்தபடி அறையை விட்டு வெளியே போனாள். நான் நடு அறையில், இரண்டு முனைகளோடு, எதிரில் யாரும் இல்லாமல் நின்றேன். பிடித்துக்கொள்ளச் சுவர் எட்டவில்லை. பயிற்சிப் பெண்மணி ஓடி வரப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

விழுந்த முனைகள் கொஞ்ச தூரத்தில் கிடந்தன. காலைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் பார்த்தேன். வா என்றேன். இழுத்துக்கொண்டுதான் வந்தது, ஆனாலும் வந்தது. குனிந்து அந்த முனைகளை எடுத்தேன். விரிப்பின் நடுவை மோவாயில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடிக்க ஆரம்பித்தேன். கோணலாகத்தான் வந்தது. பிரித்துவிட்டு மறுபடி மடித்தேன்.